மனநல ஆலோசகர்க்கு மூத்தோர் துணை

உள்ளம் நொந்தவர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை என்னும் குறையைக் கேரளம் பிற மாநிலங்களைவிட நன்றாகவே போக்கியிருக்கிறது. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இலட்சம் மக்களுக்கு ஒருவருக்கு மேல் மனநல மருத்துவர் இருந்த மாநிலம் கேரளம் ஒன்றே. மாவட்ட மனநலத் திட்டம் பதினான்கு மாவட்டங்களிலும் இயங்குகிறது. மனச்சோர்வைத் தொடக்கத்திலேயே கண்டறிய ‘ஆசுவாசம்’ என்னும் ஏற்பாடு ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்டு. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயுற்றோரை அறிந்து சொல்கின்றனர். பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கின்றனர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரையின் பொது மருத்துவமனையிலேயே கலால் துறையின் விமுக்தி இயக்கம் போதை மீட்பு மையம் நடத்துகிறது. நள்ளிரவிலும் அழைக்க 14416 என்னும் டெலிமானஸ் எண் இருக்கிறது.

இத்தனையும் இருந்தும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்திய நாட்டின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 12.4 என்றால், கேரளத்தின் விகிதம் 28.5. இதற்கு ஆலோசகர்களைப் பொறுப்பாக்குவது அறமாகாது. கடன், குடி, தீரா நோய், குடும்பப் பிளவு, வேலையின்மை என்று அதன் வேர்கள் பல திசைகளில் ஓடுகின்றன. ஆனால் ஒன்றை அரசும் சமுதாயமும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதற்கென்று ஆட்களை அமர்த்தினோம். அவர்கள் எவ்வாறு கேட்கிறார்கள் என்பதை யார் நோக்குகிறார்கள்? தவறிய இடத்தில் அவர்களைத் திருத்துபவர் யார்? தளர்ந்த இடத்தில் தாங்குபவர் யார்?

மாதந்தோறும் அறிக்கை போகிறது என்று விடை வரலாம். அறிக்கையில் இருப்பது வந்தவர் தொகை, புதியவர் எத்தனை, தொடர்பவர் எத்தனை, உயர்மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை என்னும் கணக்கு. அக்கணக்கு நிருவாகத்துக்குத் தேவை. ஆனால் மூடிய கதவுக்குள் நிகழ்ந்த உரையாடலின் தரத்தை எந்தப் பதிவேடும் காட்டாது. நாற்பது பேரைக் கண்ட ஆலோசகர் நாற்பது பேருக்கும் நன்மை செய்திருக்கலாம். நால்வருக்குத் தீமையும் செய்திருக்கலாம். இரண்டும் ஒரே எண்ணாகவே மேலே போகும்.

உளச்சிகிச்சைத் துறை தன் இளமையிலேயே இக்குறையை உணர்ந்து வழியும் கண்டது. மாக்ஸ் ஐட்டிங்கோனும் அவர் நண்பர்களும் 1920-இல் பெர்லினில் தொடங்கிய உளப்பகுப்பு மருத்துவமனையில், பயில்வோர் நூலறிவு பெற்றால் மட்டும் போதாது, தாம் நடத்தும் சிகிச்சையை மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து எடுத்துரைத்துத் திருத்தம் பெறவும் வேண்டும் என்று விதித்தனர். இன்று உலகின் பல நாடுகளில் அம்மரபு பயிற்சிக் காலத்தோடு முடிவதில்லை. பிரித்தானிய ஆலோசகர் சங்கம் தன் உறுப்பினர் எவ்வளவு பழுத்தவராயினும் தொழிலில் இருக்குமட்டும் மாதம் ஒன்றரை மணி நேரமேனும் மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது.

இங்கே மேற்பார்வை என்பது அலுவலக ஆய்வு அன்று. ஆலோசகர் தம்மிடம் வந்தவரின் பெயரையும் ஊரையும் மறைத்து, நிகழ்ந்த உரையாடலைத் தம்மினும் தேர்ந்த ஒருவர்முன் குறித்த கால இடைவெளியில் எடுத்துவைக்கிறார். வந்தவர் எவ்விடத்தில் பேச்சை நிறுத்தினார், அந்த மௌனத்தை ஆலோசகர் பொறுத்தாரா அல்லது அறிவுரை கூறி நிரப்பினாரா, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேர்படக் கேட்டாரா அல்லது கேட்கக் கூசினாரா, குடிக்கும் கணவனைப் பற்றிக் கேட்டபோது தம் வீட்டு நினைவு வந்து குறுக்கிட்டதா என்று மூத்தவர் ஒவ்வொன்றாய் வினவுகிறார். பிரிஜிட் பிராக்டர் 1986-இல் இப்பணியின் கடமைகளை மூன்றாக வகுத்தார்: ஆலோசகரின் திறனை வளர்த்தல், நெறி பிறழாமல் காத்தல், பிறர் துயர் கேட்டுக் கேட்டு வற்றிய உள்ளத்தை மீட்டல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நிலைக்கா.

இந்தியாவில் இதன் நிலை யாது? 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி பதிவு பெறும் மருத்துவ உளவியலாளர் பயிற்சியின்போது மூத்தோர் கண்காணிப்பில் பணிபுரிகிறார். பட்டம் பெற்றபின் மேற்பார்வை பெறுகிறாரா என்று அவரை எவரும் கேட்பதில்லை. பள்ளியிலும் மருத்துவமனையிலும் போதை மீட்பு மையத்திலும் அமரும் ஆலோசகர்களுக்கோ அப்பயிற்சிக் காலமே குறுகியது. துணைநிலை மருத்துவத் தொழிலினர்க்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் உளவியலாளர், ஆலோசகர், மருத்துவச் சமூகப் பணியாளர் முதலியோரை ஒரு வகுப்பாக்கிப் பதிவேட்டுக்குள் கொண்டுவர முனைந்தது நல்ல தொடக்கம். பதிவு ஒருவர் தொழிலுக்குள் நுழையும் தகுதியை உறுதி செய்யும். நுழைந்தபின் பத்தாண்டு, இருபதாண்டு அவர் செய்யும் பணியின் தகுதியை அது உறுதி செய்யாது.

பட்டறிவே ஆசான், ஆண்டுகள் சென்றால் திறன் தானே வரும் என்று கருதுவோர் பலர். சைமன் கோல்ட்பர்க்கும் அவர் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை ஆட்டம் காணச் செய்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆலோசனை மையம் ஒன்றில் 170 ஆலோசகர்களிடம் வந்த 6,591 பேரின் நலத்தைப் பல்லாண்டு தொடர்ந்து அளந்தபோது, ஆண்டுகள் கூடக் கூட ஆலோசகர்களின் பயன் சராசரியாக உயரவில்லை. மிகச் சிறிய அளவில் தேய்ந்தது. காரணத்தை உய்த்துணர்வது எளிது. தச்சன் வைத்த கதவு பொருந்தவில்லை என்றால் அன்றே தெரியும். ஆலோசகரின் சொல் பொருந்தவில்லை என்றால், வந்தவர் அடுத்த முறை வராமல் நின்றுவிடுவார். ஏன் வரவில்லை என்பது ஆலோசகருக்குத் தெரியாது. தெரியாத பிழை திருந்தாது. மீண்டும் மீண்டும் செய்யப்பட்டுப் பழக்கமாக இறுகும்.

அப்படியானால் ஒரு மூத்தவரை அமர்த்திவிட்டால் போதுமா? போதாது என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். டோனி ரூஸ்மானியர் குழுவினர் அதே 2016-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மேற்பார்வையாளர் இன்னார் என்பதால் நோயுற்றோர் நலத்தில் ஏற்பட்ட வேறுபாடு நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. மாறாக, மாத்யூ பாம்ப்ளிங் முதலியோர் ஆஸ்திரேலியாவில் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வை பெற்ற ஆலோசகர்களிடம் வந்த மனச்சோர்வுற்றோர் மற்றவரினும் நன்கு தேறினர். இடையில் விட்டுச் சென்றவரும் குறைந்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். ஆலோசகர் தம் நினைவிலிருந்து சொல்வதைக் கேட்டு மூத்தவர் தலையசைக்கும் சடங்கால் பயனில்லை. எந்தத் திறனைத் திருத்த வேண்டுமோ அதில் கண்வைத்து, உண்மையில் நிகழ்ந்த உரையாடலை நோக்குவதே பயன் தரும்.

அத்தகைய நோக்குக்குக் கடல் கடந்து எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. கோவாவில் சங்கத் என்னும் நிறுவனம், மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ அல்லாத உள்ளூர் மக்களை ஆலோசகராகப் பயிற்றி, கடும் மனச்சோர்வு உற்றவர்க்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் சிகிச்சை தந்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 493 பேரிடம் சோதித்து 2017-இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவின்படி, மூன்று மாதத்தில் மனச்சோர்வு நீங்கியோர் இச்சிகிச்சை பெற்றவருள் 64 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவருள் 39 விழுக்காடு. இவ்வெற்றியைத் தாங்கி நின்ற தூண்களுள் ஒன்று வாரந்தோறும் கூடிய சிறு குழு. வந்தவரின் இசைவோடு ஒலிப்பதிவான ஓர் அமர்வு அங்கே ஒலிக்கும். அந்த அமர்வை நடத்திய ஆலோசகர் உட்பட அனைவரும் கையில் அளவைத் தாளுடன் கேட்பர். நிகழ்ச்சி நிரலை வந்தவரோடு சேர்ந்து வகுத்தாரா, சென்ற வாரம் ஒப்புக்கொண்ட செயலைப் பற்றிக் கேட்டாரா, வந்தவர் சொன்னதைத் தம் வாயால் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாரா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவர். பின்னர்ப் பேசுவர். முதலில் வல்லுநர் ஒருவர் வழிநடத்தினார்; பழகிய பின் ஆலோசகர்களே மாறி மாறி வழிநடத்தினர். அவர்கள் ஒருவருக்கொருவர் இட்ட மதிப்பெண் வல்லுநர் இட்டதோடு பெரிதும் ஒத்திருந்ததை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. வல்லுநர் பற்றாக்குறை மேற்பார்வைக்குத் தடை என்னும் வாதம் அன்றே விழுந்துவிட்டது.

அக்குழு இயங்குவதற்கு அடிப்படையான ஒன்று உண்டு. பதிவில் ஒலிக்கும் பேச்சு அறையில் இருக்கும் அனைவருக்கும் புரிய வேண்டும். இங்கேதான் பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய கேரள-தமிழ்நாட்டு எல்லையோரச் சிற்றூர்களின் தனித்த துன்பம் தொடங்குகிறது.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அன்று கிழித்த கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே செல்கிறது. கோட்டுக்கு இருபுறமும் பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்கிற குடும்பங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பாலராமபுரத்தில் தறி நெய்த முன்னோர் தமிழ் நிலத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர். பள்ளியில் மலையாளம் கற்றுக் கடையில் இருமொழியும் பேசி, வீட்டில் தமிழில் அழும் மக்கள் இவர்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே ஒப்புக்கொண்டது. வரி விண்ணப்பத்துக்குத் தந்த அவ்வுரிமை வாழ்வா சாவா என்று தவிக்கும் உள்ளத்தின் உரைக்கு நடைமுறையில் எட்டவில்லை.

மருத்துவமனை ஆலோசகரின் அறையில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். அறுபதைக் கடந்த தாய் ஒருத்தி இளம்பெண்ணாகிய ஆலோசகரிடம் தன் மகன் அடிப்பதைச் சொல்கிறாள். எல்லையோரத் தமிழில் தொடங்குகிறாள். மருத்துவமனை என்ற மதிப்புக்காக இடையிடையே மலையாளத்துக்குத் தாவுகிறாள். அழுகை வரும்போது மீண்டும் தமிழுக்குத் திரும்புகிறாள். “மக்களே, இத ஆருட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா” என்று கையைப் பற்றுகிறாள். ஆலோசகர் எழுதும் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். மூத்தவர் ஒருவர் வாய்த்தாலும் அவரிடம் ஆலோசகர் அதை மலையாளத்தில் சொல்வார். எந்த இடத்தில் அத்தாய் மொழி மாறினாள், எதைச் சொல்லும்போது குரல் இறங்கியது, கையைப் பற்றியது அச்சத்தாலா நம்பிக்கையாலா என்பவை மூத்தவரைச் சென்றடையும்போது உதிர்ந்திருக்கும். எஞ்சுவது நோயின் பெயரும் மருந்தின் அளவும் மட்டுமே. அவற்றைக் கொண்டு ஆலோசகரின் பணியை எவரும் திருத்த முடியாது.

மொழியோடு ஊரின் நெருக்கமும் சேர்கிறது. பெருநகர ஆலோசகர் தம்மிடம் வந்தவரை மறுமுறை அறையில்தான் காண்பார். எல்லையோரச் சிற்றூரில் அப்படி இல்லை. காலையில் தம்முன் அழுதவரை மாலையில் களியக்காவிளைச் சந்தையில் மீன் கூடைக்கு முன்னே காண நேரும்; ஞாயிறன்று ஒரே தேவாலயத்தில் அடுத்த வரிசையில் அமர நேரும். அடிக்கிறான் என்று சொல்லப்பட்ட மகன் ஆலோசகரின் தம்பியோடு பள்ளியில் படித்தவனாக இருப்பான். வந்தவரைத் தெருவில் கண்டால் முகம் கொடுப்பதா, கண்டும் காணாமல் செல்வதா? உறவினரை வேறோர் ஆலோசகரிடம் அனுப்ப அடுத்த ஆலோசகர் எங்கே? இவற்றுக்கெல்லாம் நூலில் நேரான விடை இல்லை. இத்தகைய ஊரை அறிந்த மூத்தவரோடு அமர்ந்து நிகழ்வுதோறும் ஆராய்ந்தே முடிவு காண முடியும். அந்தத் துணை இல்லாத ஆலோசகர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: உறவுக்காரராக மாறி ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுவார், அல்லது அஞ்சி, கல்லாக இறுகிவிடுவார்.

ஒக்கிப் புயல் இதனினும் கொடிய சோதனையைக் கொண்டு வந்தது. 2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் கடலில் இருந்தவர்களை அது வாரிக்கொண்டது. கேரளத்தின் கடைசிக் கடற்கரை ஊராகிய பொழியூரிலும், அதை ஒட்டித் தமிழ்நாட்டில் தொடங்கும் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் கரைகளிலும் வீடுதோறும் ஒரே ஓலம். பல வீடுகளுக்கு உடல் வந்து சேரவில்லை. உடல் இல்லாமல் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லாமல் துயரத்துக்கு முடிவு இல்லை. வேறு நாட்டுக் கரையில் ஒதுங்கியிருப்பான், சிறையில் இருப்பான் என்று காத்திருக்கும் மனைவியிடம் ஆலோசகர் என்ன சொல்வது? உண்மையை ஏற்றுக்கொள் என்று வற்புறுத்துவது இரக்கமற்ற செயல். வந்துவிடுவான் என்பது பொய். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இத்தகைய இழப்பைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். இறந்தான் என்றோ இருக்கிறான் என்றோ முடிவு கட்டும்படி அவளை நெருக்காமல், இரண்டு எண்ணங்களையும் ஒருசேரச் சுமந்தபடியே அன்றாட வாழ்வை மீட்டெடுக்கத் துணைநிற்பதே நெறி என்றார். படிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்நெறியை, பதினைந்தாம் வீட்டில் அழுகுரல் கேட்டுவிட்டுப் பதினாறாம் வீட்டுப் படியேறும் இளம் ஆலோசகர் தனித்து நின்று கடைப்பிடிப்பது அரிது. கடற்கரைக்கு ஆலோசகரை அனுப்புவோர், அன்று மாலையே அந்த ஆலோசகர் அமர்ந்து பேச ஒரு மூத்தவரையும் உடன் அனுப்ப வேண்டும்.

தம்மிடம் வந்து சென்ற ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்னும் செய்தி எந்த ஆலோசகருக்கும் என்றேனும் வரக்கூடும். கேரளத்தின் விகிதத்தை நோக்க, அது அரிதாக நேர்வதன்று. அப்போது அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் விளக்கம் கேட்கும் கடிதம். அடுத்த நாள் அவர்முன் வேறொருவர் அமர்ந்து, வாழப் பிடிக்கவில்லை என்பார். முன்னவரை இழந்த அச்சத்தில் இவரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிக் கைகழுவத் தோன்றும். அல்லது கேட்க வேண்டியதைக் கேளாமல் நழுவத் தோன்றும். இவ்விரு பிழையும் ஆலோசகரின் தீய குணத்தால் வருவன அல்ல. தாங்குவார் இன்மையால் வருவன. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், ‘ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு’ என்று, நீங்கள் தனியர் அல்லர், உடன் நாங்கள் உண்டு என்று, கேரள அரசு தனிமைப்படுத்தப்பட்டோரைத் தொலைபேசியில் அழைத்துத் தேற்றியது. தேற்றும் வேலையைச் செய்வோருக்கும் அச்சொல் உரியது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. நேரம் எங்கே, வரிசையில் நிற்போரை விட்டுவிட்டு ஆலோசகர் கூட்டத்துக்குப் போவதா என்பர். மாதம் ஒன்றரை மணி நேரத்தில் குறையும் சிலரைக் கணக்கிடுவோர், துணையின்றித் தளர்ந்து வேலையை விட்டுச் செல்லும் ஆலோசகரால் குறையும் பலரைக் கணக்கிடுவதில்லை. மறைசெய்தி வெளியாகிவிடும் என்பர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மறைகாப்பு உரிமையை உறுதி செய்கிறது என்பது மெய்யே. பெயரும் அடையாளமும் நீக்கி, எழுத்துவழி இசைவு பெற்று, பணி முடிந்ததும் பதிவை அழித்துவிட்டால் அவ்வுரிமைக்கு ஊறு நேராது. மூன்றாவது தடையே மெய்யான தடை. ஆலோசகர்களுள் மிகப் பலர் ஒப்பந்தப் பணியாளர். ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருப்பவர், தம் பிழையைத் தம் மேலதிகாரியிடமே எவ்வாறு திறந்து சொல்வார்? ஆகவே பணி மதிப்பீடு செய்யும் கையும் மேற்பார்வை செய்யும் கையும் ஒன்றாக இருத்தல் கூடாது. மேற்பார்வை அறையில் சொன்ன சொல் பணிக்கோப்பில் ஏறுமானால், ஒரே மாதத்தில் அவ்வறையில் பொய் மட்டுமே பேசப்படும். வந்தவரின் உயிருக்கு ஊறு நேரும் நிலையும், ஆலோசகர் வந்தவரைச் சுரண்டும் குற்றமும் மட்டுமே இதற்கு விலக்கு.

தமிழில் மூத்தவர் எங்கே என்னும் ஐயம் எழுமாயின், கோட்டுக்கு அப்பால் சற்றே நோக்குக. ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்பால் எல்லையை ஒட்டியே காரக்கோணத்தில் தென்னிந்தியத் திருச்சபை நடத்தும் சோமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எவரெஸ்ட் ஏறச் சென்று திரும்பி நெய்யூரில் மருத்துவத் தொண்டு செய்த சோமர்வெல், இன்றைய எல்லைக்கோடு பிறப்பதற்கு முன் உழைத்தவர். சென்னையில் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய மனநல அமைப்பாகிய ஸ்கார்ஃப், லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பாகிய சினேகா ஆகியவை தமிழில் கேட்டுத் தேர்ந்த தலைமுறைகளை உருவாக்கியுள்ளன. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் முதலிய மருத்துவர்கள் போரின் நடுவே ஆசிரியரையும் ஊர்த்தொண்டரையும் உளவளத்துணையாளராகப் பயிற்றினர். சாந்திகம் என்னும் அமைப்பு அப்பணியைத் தொடர்ந்தது. காணாமற்போனோருக்காகக் காத்திருக்கும் வீடுகளை அவர்கள் அறிந்த அளவுக்கு அறிந்தவர் அரியர். தமிழில் இத்துறைக்கு ஆளும் உண்டு, சொல்லும் உண்டு. இரண்டு மாநில அரசுகளின் இசைவு ஒன்றே இல்லை.

செய்ய வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையை மையமாகக் கொண்டு, மாவட்ட மனநலத் திட்டம், பள்ளிகள், விமுக்தி மையம் ஆகிய பல துறைகளின் ஆலோசகர்களும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடும் குழு அமைக்கப்பட வேண்டும். அந்நேரம் பணிநேரமாகக் கணக்கில் ஏற வேண்டும். பயணப்படி தரப்பட வேண்டும். குழுவில் தமிழில் நிகழ்ந்த உரையாடல் தமிழிலேயே கேட்கப்பட வேண்டும். அதற்கெனக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூத்தவர் வந்து செல்ல இரு மாநில நலவாழ்வுத் துறைகளும் உடன்பாடு காண வேண்டும். இரு மாநிலப் பேருந்துகளும் களியக்காவிளையில் வந்து நிற்கும்போது, மருத்துவ அறிவு மட்டும் அங்கே நின்றுவிட வேண்டிய காரணம் இல்லை. தற்கொலை எண்ணம் உடையவர் வந்தால் அன்றே கலந்து பேச ஒரு மூத்தவரின் தொலைபேசி ஒவ்வோர் ஆலோசகருக்கும் உறுதி செய்யப்பட வேண்டும். மேற்பார்வை செய்வோரும் அப்பணிக்கெனப் பயிற்சி பெற வேண்டும். நல்ல மருத்துவர் யாவரும் நல்ல மேற்பார்வையாளர் ஆவதில்லை. இளையவரை இழித்துப் பேசும் மூத்தவர், மூத்தவர் இல்லாமையினும் தீயவர்.

ஆட்சியில் இருப்போனுக்கு இடித்துரைக்கும் சான்றோர் வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். நாட்டை ஆள்வோனுக்கு வேண்டும் என்று நம் மரபு அன்றே தெளிந்ததை, நொந்த உள்ளங்களைக் கையில் ஏந்துவோர்க்கு வேண்டாம் என்று நாம் இன்று வாதிட இயலாது.

2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையை எட்டப் பத்தாண்டுக்குள் முயலுமாறு அரசுகளைப் பணித்தது. அக்கெடு 2028-இல் நிறைகிறது. அதே சட்டம் சிகிச்சை தரமானதாகவும் அண்மையில் கிட்டுவதாகவும் பாகுபாடற்றதாகவும் இருக்க வேண்டும் என்றும், நோயுற்றவர் தமக்குப் புரியும் மொழியில் தம் நிலையை அறிய உரிமை உடையவர் என்றும் கூறுகிறது. எண்ணிக்கையை நிரப்பியதைக் காட்டி அரசுகள் கடமை முடிந்தது என்று சொல்ல இச்சட்டம் இடம் தரவில்லை. திருவனந்தபுரமும் சென்னையும் இக்கெடுவுக்குள் ஒரு வட்டத்திலேனும் இவ்வேற்பாட்டைச் செய்து காட்ட வேண்டும். இரு மாநிலத்துக்கும் பொதுவான மக்கள் வாழும் நெய்யாற்றின்கரை வட்டத்தினும் அதற்குத் தகுந்த இடம் வேறில்லை. அவ்வட்டத்தின் ஊராட்சிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதைத் தம் கோரிக்கையாக ஏற்று, வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்னரே எழுத்தில் வைக்க வேண்டும்.